ஆறுமுகநாயகி, வயது 57

ஜனவரி 1, புதன்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. முதல் பக்கத்திலேயே பொங்கலை ஜனவரி பதினைந்து என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைச் சிவப்பு மையில் பதினான்கு என்று திருத்திவிட்டுத்தான் என் பெயரையே எழுதினேன். ஆறுமுகநயினார், வயது ஐம்பத்தேழு, தட்டச்சாளர், பாளையங்கோட்டை.

எங்கள் லேபுக்கு மனிதர்கள் வருவதில்லை, மனிதர்களிலிருந்து அறுத்தெடுத்தவை வரும். கட்டி, பித்தப்பை, கர்ப்பப்பை எல்லாம் பார்மலின் பாட்டிலில் மிதந்துகொண்டு வரும். மாடியில் டாக்டர் மெகருன்னிசா அவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று சொல்வார். கீழே நான். பாட்டிலோடு வரும் படிவத்தைப் படித்து, தட்டச்சு செய்து மேலே அனுப்புவேன். டாக்டரம்மா சொல்லும் முடிவைத் தட்டச்சு செய்து வெளியே அனுப்புவேன். படிவத்தில் இருக்கும் கையெழுத்தை இந்த ஜில்லாவில் என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது. ஆகவே டாக்டரம்மா படிவத்தைப் பார்ப்பதே இல்லை. நான் அடித்த தாளைத்தான் பார்க்கிறார். இருபத்தாறு வருடத்தில் என் மேஜையைத் தாண்டிப் பிழை போனதில்லை.

டிசம்பரில் ஓய்வு. அதுவரை தினப்படி நடப்பதை எழுதி வைக்கலாம் என்று ஆரம்பிக்கிறேன்.

குளிக்கும்போது இடது மார்பில், காம்புக்குக் கீழே, கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு தடிப்பு தட்டுப்பட்டது. வலி இல்லை. சட்டைப் பையில் இருக்கும் பேனா குத்தியிருக்கும்.

ஜனவரி 8, புதன்

இன்று பிழை நோட்டில் ஏறியவை:

வயது ஏழு, தொழில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எழுபது என்று திருத்தினேன்.

பெயர் இசக்கியப்பன், ஆண், அனுப்பியது கர்ப்பப்பை. போன் போட்டுக் கேட்டால் பாட்டிலை மாற்றி அனுப்பிவிட்டார்களாம். என்ன கவனமோ.

வள்ளியூரிலிருந்து ஒரு படிவம். ஆண், மார்புக் கட்டி. இதற்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது. நேராக விதி நான்கு.

எனக்கு உதவியாளராகப் பிரிசில்லா வேலைக்குச் சேர்ந்தபோது நான் ஒன்பது விதிகளை எழுதி, லேமினேட் செய்து, சுவரில் ஒட்டினேன். நான்காவது இது: "மார்புத் திசு என்று வந்தால் பாலினம் பெண். ஆண் என்று இருந்தால் எழுதியவர் தூங்கிவிட்டார். திருத்தவும்." ஐந்தாவது: "பாலினத்தைத் திருத்தினால் பெயரையும் பார்க்கவும்." பிரிசில்லாவுக்கு நாற்பத்து நான்கு வயது, இரண்டு பிள்ளைகள், தங்கமான மனுஷி. ஒன்பதையும் மனப்பாடமாகச் சொல்வாள்.

ஜனவரி 20, திங்கள்

தையற்காரர் லூர்துவிடம் மூன்று சட்டைக்கு அளவு கொடுத்தேன். பையை வலது பக்கம் வைக்கச் சொன்னேன்.

"என்ன அண்ணாச்சி, ஊர் உலகத்துல எல்லாரும் இடது பக்கம்தான வைக்காவ?"

"பேனா குத்துதுவே."

"அப்ப பேனாவ மாத்துங்க. சட்டைய ஏன் மாத்துதிய?"

தையற்காரருக்கு வாய் ஜாஸ்தி. மூன்றுக்கும் வலது பக்கமே வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

டாக்டரம்மா திருச்சி மாநாட்டில் கட்டுரை வாசித்துவிட்டு வந்திருக்கிறார். எங்கள் லேபுக்கு வந்த மார்புப் புற்றுநோய் அத்தனையையும் இருபத்தாறு வருடத்துக்குக் கணக்கெடுத்த கட்டுரை. தட்டச்சு செய்தது அடியேன். உலகமெங்கும் இந்த நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர் ஆணாக இருப்பாராம். ஆனால் எங்கள் ஆவணங்களில் ஒருவர்கூட இல்லை. அரங்கமே வியந்துபோனதாம். தண்ணீரா, மண்ணா, சாப்பாடா, என்ன காரணம் என்று ஒரு பேராசிரியர் எழுந்து கேட்டாராம். தாமிரபரணியை ஆராய வேண்டும் என்று இன்னொருவர் சொன்னாராம். கேடயம் கொடுத்திருக்கிறார்கள். கட்டுரையின் கடைசி வரியில் "பிழையற்ற ஆவணங்களுக்காகத் திரு. ஆறுமுகநயினாருக்கு நன்றி" என்று என் பெயரும் இருக்கிறது.

அந்தப் பக்கத்தை நகலெடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். திருநெல்வேலி ஆண்களுக்கு இந்த வியாதி வராது. ஆராய்ச்சியே சொல்லிவிட்டது. இன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பேனா இப்போது வலது பக்கம். தடிப்பு இன்னும் இடது பக்கம்தான். நெல்லிக்காய் அளவு.

பிப்ரவரி 16, ஞாயிறு

என் மனைவி செண்பகம் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் என் பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"இது என்ன செவப்பா? இடது பக்கம் மட்டும்?"

"சிவப்பு மை. பேனா கசிஞ்சிருக்கும்."

"பேனாதான் இப்ப வலது பக்கம் வைக்கியளே?"

"பழைய மையா இருக்கும்."

அவள் பனியனைத் தண்ணீரில் முக்கப் போனாள். அரை மணி கழித்து வந்து, "நானும் இருவத்தாறு வருசமா ஒங்க செவப்பு மைய தொவச்சிட்டுதான் கெடக்கேன். அது சாமானியத்துல போவாது. இது பச்சத் தண்ணியில போயிட்டே?" என்றாள்.

மைக் கம்பெனிக்காரன் தரத்தைக் குறைத்துவிட்டான் என்று சொன்னேன். அவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

மருந்துக்கடை சிதம்பரத்திடம், "நண்பர் ஒருவருக்கு" என்று சொல்லி ஒரு களிம்பு வாங்கினேன். நண்பருக்கு எங்கே என்று கேட்டார். நெஞ்சுப் பக்கம் என்றேன். வேனல் கட்டி என்றார். பிப்ரவரியிலா என்றேன். "இப்பல்லாம் வெயில் சீக்கிரம் வந்துருது அண்ணாச்சி" என்றார். நண்பரை அதிகம் யோசிக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

பிப்ரவரி 27, வியாழன்

காம்பு உள்பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. கட்டுரையை இன்னொரு முறை படித்தேன். ஒருவர்கூட இல்லை என்றுதான் போட்டிருக்கிறது.

எதற்கோ அப்பா ஞாபகம் வந்தது. அப்பா மார்ச்சளி முற்றிப் போனார் என்றுதான் ஊரில் சொல்வோம். கடைசி இரண்டு வருடம் இடது தோளிலிருந்து துண்டை இறக்கினதே இல்லை. மார்பை மறைத்துத் தொங்கும். குளிக்கும்போதுகூட யாரையும் கிட்டே விடமாட்டார். மரியாதைக்காரர் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

துண்டு எடுத்துப்போக மறந்து குளிக்கப் போய்விட்டேன். செண்பகம் துண்டோடு வந்தவள் பார்த்துவிட்டாள். நான் கையால் மறைத்துக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவளிடம் ஒரு ஆண்பிள்ளை மார்பை மறைத்துக்கொண்டு நின்றது உலகத்திலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"கைய எடுங்க."

"ஒண்ணுமில்ல, வேனல் கட்டி."

"கைய எடுங்கங்கேன்."

எடுத்தேன். அவள் தொட்டுப் பார்த்தாள். பிறகு சத்தம் போட்டாள். "நீங்க என்ன படிச்சவியதானா? ஊரான் வீட்டு வியாதிய எல்லாம் தட்டித் தட்டி விரலு தேஞ்சு போச்சு. ஒங்க வீட்டு வியாதி தெரியலயா?"

ஆண்களுக்கு இது வராது, ஆதாரம் இருக்கிறது என்று கட்டுரையை எடுத்துக் காட்டினேன். அவள் அதை வாங்கி நாலாக மடித்து ஜன்னல் கொக்கிக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, புதன்கிழமை டாக்டர் பால்துரையிடம் போகிறோம் என்றாள்.

மார்ச் 5, புதன்

டாக்டர் பால்துரை மார்பு அறுவை நிபுணர். கூடத்தில் இருபது பெண்கள், அவர்களோடு வந்த ஆண்கள் நாலு பேர், நான். சுவரெல்லாம் இளஞ்சிவப்பு. செண்பகம் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் கூப்பிட்டாள்.

"ஆறுமுகம் அம்மா யாரு? வாங்க. சார், நீங்க இங்கயே இருங்க."

செண்பகம் எழுந்து நின்று, "எனக்கில்ல தாயி, அவியளுக்கு" என்றாள். இருபது தலையும் திரும்பின. கூட வந்த ஆண்கள் நாலு பேரும் அவரவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார், அக்குளிலும் பார்த்தார். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார். ரெண்டு வாரம் என்றேன். "டைரியில ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்கு டாக்டர்" என்றாள் செண்பகம். என் டைரியைப் படிக்கிறாள்!

மார்ச் 6, வியாழன்

மேமோகிராம் எடுக்கும் இடத்தில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். குழந்தைக்குப் பால் கொடுத்தீர்களா? கடைசி மாதவிலக்குத் தேதி? "பொருந்தாது" என்று அழகாக எழுதினேன். கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண் தலையைச் சொறிந்தாள்.

"தேதி போடலன்னா அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது சார். ஏதாவது ஒரு தேதி சொல்லுங்க."

"பொய்த் தேதி நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப படம் எடுக்க முடியாது."

ஜனவரி பதினான்கு என்றேன். பொங்கல். இருபத்தாறு வருடத்தில் தெரிந்தே நான் செய்த முதல் பிழை.

இரண்டு தகடுகளுக்கு நடுவே என்னிடம் இல்லாததை இழுத்து வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு டாக்டர் பால்துரை ஊசியால் மூன்று துணுக்கு சதை எடுத்து பாட்டிலில் போட்டார். எந்த லேபுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டேன். "ஒங்க லேபுக்குத்தான், வேற எங்க? அங்கதான் தப்பே வராதுங்காங்களே" என்றார்.

வயிற்று உபாதை என்று சொல்லி லீவு போட்டேன்.

மார்ச் 12, புதன்

இரண்டு நாளில் வர வேண்டிய ரிப்போர்ட் ஆறு நாளாகியும் வரவில்லை. டாக்டர் பால்துரையின் ஆட்கள் கேட்டால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று லேபில் சொல்கிறார்களாம். லீவை முறித்துக்கொண்டு போனேன்.

பிரிசில்லா எழுந்து நின்றாள். "வாங்க அண்ணாச்சி, வயிறு தேவலையா?" டீ வாங்கிக் கொடுத்தாள். நான் மெதுவாக ரிப்போர்ட் தட்டுகளைத் துழாவினேன். ஆண்கள் தட்டில் என் பெயர் இல்லை.

"அண்ணாச்சி, ஒரு ஆச்சரியம் பாத்தியளா? ஒங்க பேரு மாதிரியே ஒரு அம்மா. ஆறுமுகநாயகி. வயசும் ஒங்க வயசுதான். போன வியாழக்கெழம வந்துது. ரிப்போர்ட்டு ரெடியாயி நாலு நாளாச்சு, வாங்கத்தான் யாரும் வரல."

"ஆறுமுகநாயகியா?"

"படிவத்துல தப்பா எழுதியிருந்தாவ அண்ணாச்சி. ஆறுமுகநயினார், ஆண்னு போட்டிருந்துச்சு. ஆனா மார்புத் திசு. விதி நாலு, விதி அஞ்சு. ரெண்டையும் திருத்திட்டேன்." பெருமையாகச் சிரித்தாள். பிறகு முகம் வாடி, "பாவம் அந்தம்மா. நல்லாவே பரவுற ஜாதி கேன்சர். யாரு பெத்த புள்ளையோ" என்றாள்.

பெண்கள் தட்டிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தாள். வழக்கம்போல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பிழை பார்த்தேன். வேறு பிழை எதுவும் இல்லை.

"பிரிசில்லா, அந்தம்மா நான்தாம்மா" என்றேன்.

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

டாக்டரம்மா என்னை மாடிக்குக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். இருபத்தாறு வருடத்தில் அதில் நான் கண்ணை வைத்ததில்லை. கத்தரிப்பூ நிறத்தில் கும்பல் கும்பலாகப் புள்ளிகள்.

"இதெல்லாம் நானா டாக்டரம்மா?"

"நீங்கதான் நயினார் சார். இந்தா, இந்த வட்டம் தெரியுதா? பால் வர்ற குழாய். வயசுக்கு வர்ற வரைக்கும் ஆம்பளப் பிள்ளைக்கும் பொம்பளப் பிள்ளைக்கும் இது ஒண்ணு போலத்தான் இருக்கும். பொறவு அவங்களுக்கு வளரும், ஒங்களுக்கு வளராம அப்படியே கெடக்கும். அழிஞ்சா போயிரும்? அந்தக் குழாயோட உள்வரிசைச் செல்லு ஒண்ணு கெட்டுப்போயி, பெருகி, குழாய ஒடச்சிக்கிட்டு வெளிய வந்திருக்கு. அவ்வளவுதான். அதுக்கு ஆம்பள பொம்பள தெரியாது."

'குழாய்ச் செல் புற்று' என்று இரண்டாயிரம் தடவையாவது தட்டியிருப்பேன். எந்தக் குழாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, அப்பாவின் துண்டைப் பற்றிச் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டு, பெங்களூரில் இருக்கும் என் மகளும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார்.

பிறகு அவருக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்தார்.

"நயினார் சார், இந்த விதி நாலு... எத்தன வருசமா?"

"ஆரம்பத்திலிருந்தே, டாக்டரம்மா."

அலமாரி மேல் இருந்த கேடயத்தை அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். தாமிரபரணித் தண்ணீரின் மகிமை என்னவென்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

மார்ச் 15, சனி

பிழை நோட்டுகள் பதினாலையும் பரப்பி வைத்துக்கொண்டு நானும் பிரிசில்லாவும் உட்கார்ந்தோம். விதி நான்கின்படி நான் திருத்தியவை பதினொன்று. அதில் ஐந்துக்குப் பழைய படிவமே இல்லை, கரையான் தின்றுவிட்டது. மீதி ஆறுக்கு போன் நம்பர் கிடைத்தது.

இரண்டு பேர் நிஜமாகவே பெண்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரு நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டு பேர் ஆண்கள். ஒருவர், இந்த ஜனவரியில் வந்த வள்ளியூர்க்காரர், நலமாக இருக்கிறார். "எங்க டாக்டரு ஒங்கள நல்லா வஞ்சிட்டு, பேனாவால அடிச்சு எழுதிட்டு ஆபரேசன் பண்ணிட்டாரு" என்றார். இன்னொருவரும் அப்படியே. கூட ரெண்டு வார்த்தை திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

ஆறாவது, களக்காடு வாழை வியாபாரி சண்முகக்கனி, வயது ஐம்பத்திரண்டு. அவர் மனைவி எடுத்தார்.

"ரிப்போர்ட்டுல திருமதின்னு இருந்துச்சு. இது எவளோ ஒருத்திக்குள்ளது, மாத்திக் குடுத்துட்டானுவன்னு டாக்டர்ட்ட காட்டாமலே பீரோ மேல போட்டுட்டாவ. நமக்கு ஒண்ணுமில்லன்னு சந்தோசமாத்தான் இருந்தாவ. வெளக்கெண்ண போட்டுக்கிட்டே வேவாரத்துக்குப் போனாவ."

"இப்ப எப்படி இருக்காக?"

"போயி மூணு வருசமாச்சு. நீங்க யாரு? இப்ப எதுக்குக் கேக்கிய?"

"அந்தத் திருமதியப் போட்டது நான்தாம்மா" என்றேன். "தப்பு என் மேல."

போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, "அந்தத் தாளு இன்னும் பீரோ மேலதான் கெடக்கு. ஒங்களுக்கு வேணுமா?" என்று கேட்டார்.

நான் அழுதேன். பிரிசில்லா பார்க்கிறாளே என்றுகூட நினைக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

டாக்டரம்மா கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக மாநாட்டுக்காரர்களுக்கு எழுதிவிட்டார். அவர்கள் பதில் போட்டிருக்கிறார்கள்: திருத்தம் அடுத்த ஆண்டு மலரில் கடைசிப் பக்கத்தில் வெளிவரும், கேடயத்தைத் திருப்பித் தர வேண்டாம், தாமிரபரணி பற்றிய ஆய்வுக்குக் குழு அமைத்தாகிவிட்டது, அதை நிறுத்த முடியாது.

சுவரிலிருந்து ஒன்பது விதிகளையும் கிழித்தேன். லேமினேட் செய்ததால் சுண்ணாம்போடு வந்தது. நாளை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். புது விதி ஒன்றே ஒன்று எழுதி ஒட்டினேன்: "திருத்தாதே. போன் போட்டுக் கேள்."

மார்ச் 19, புதன்

பெண்கள் வார்டில் இருக்கிறேன். மார்பு ஆபரேஷன் கட்டில்கள் இங்கேதானாம். சுற்றிலும் திரை கட்டியிருக்கிறார்கள். திரைக்கு அந்தப் பக்கம் சுரண்டை அக்கா ஒருத்தி, "அண்ணே, பயப்படாதிய, எனக்கு ரெண்டு பக்கமும் எடுத்தாச்சு" என்று தைரியம் சொன்னாள். கை வளையத்தில் பெண் என்று அச்சாகியிருந்தது. செண்பகம் என் கையைப் பிடித்துக்கொள்ள, சிவப்புப் பேனாவால் ஆண் என்று திருத்தினேன். நர்ஸிடம் கேட்டுக்கொண்டுதான் திருத்தினேன்.

மார்ச் 22, சனி

எடுத்தாயிற்று. அக்குளில் இரண்டு நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறது. ஜனவரியிலேயே வந்திருந்தால் இருந்திருக்காது என்று டாக்டர் பால்துரை சொன்னார். மருந்து ஏற்ற வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு மாத்திரை. நான் பிழைப்பேனா என்று கேட்டேன். வாய்ப்பு நல்லாவே இருக்கு என்றார். செண்பகம் அதை டைரியில் என் கையாலேயே எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

மகள் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். அவளுக்கு ரத்தம் எடுத்தாயிற்று.

மார்ச் 28, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. லூர்து தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டேன். இடது பக்கம் பை இல்லாததும் நல்லதுக்குத்தான், தையலில் படவில்லை.

பதினொரு மணிக்கு பிரிசில்லா போன் செய்தாள்.

"அண்ணாச்சி, ஒரு படிவம் வந்திருக்கு. அம்பாசமுத்திரம். பேரு தளவாய், வயசு நாப்பத்தொம்பது. ஆண், மார்புத் திசு."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"போன் போட்டுக் கேட்டியாம்மா?"

"கேட்டேன் அண்ணாச்சி. அவரே எடுத்தாரு. ஆம்பளதான்."

"அப்ப?"

"ஆண்னு அடிச்சு மேல அனுப்பிட்டேன்."

பிழை நோட்டில் இன்று எதுவும் இல்லை.